சினை மீனுக்கு 61 நாள், சூலிக்கு?

தாய்சேய் நலத் திட்டங்களைக் கவனிக்கும் மாவட்ட அதிகாரிகளுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் ஊர்ப் புயல் பாதுகாப்பு மையத்தில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நின்றவன் நான். பிறந்த மாதத்துக்கும் பிள்ளையின் மூளைக்கும் தொடர்பு உண்டு என்று விளக்கினீர்கள். சரி, கேட்டுக்கொண்டோம். அப்புறம் உங்களில் ஒருவர், "மாசம் பாத்துப் பிள்ள பெத்துக்கங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முன்வரிசையில், போன ஆனியில் பிறந்த மகனை மடியில் வைத்திருந்த என் தங்கை மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த மடல் அதற்காக.

மாதம் பார்ப்பதை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் பிரசவம் வேண்டாம் என்றுதான் ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறோம் என்பார்கள் பெரியவர்கள். ஆனால் இந்தக் கரையில் கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. சித்திரை, வைகாசி இரண்டும் அதில் அடக்கம். ஆனி, ஆடியில் பிறக்கும் பிள்ளை வயிற்றில் இருக்கும் கடைசி மாதங்கள் அதற்குள்தான் விழுகின்றன. மூளை மளமளவென்று வளர்வதும், தாயிடமிருந்து இரும்புச்சத்தை வாங்கிச் சேர்ப்பதும் அந்த மாதங்களில்தான். இது உங்களுக்குத் தெரியாததா?

என் தங்கை மகளின் புருஷன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். படகு ஓடினால் பங்குக் காசோடு குழம்புக்கு மீனும் வீட்டுக்கு வரும். நின்றால் இரண்டும் நிற்கும். நாட்டுப்படகு மீன் கரைக்கு வரும், ஆனால் அந்த விலை எங்களுக்குக் கட்டாது. வைகாசியில் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். ரேஷன் அரிசிச் சோறு, புளித்தண்ணீர்க் குழம்பு. புருஷனுக்குப் போட்டுவிட்டுப் பானையை வழித்துக்கொண்டிருந்தாள். "நீ சாப்பிடலையா?" என்றேன். "பசியில்ல மாமா" என்றாள். எட்டு மாதச் சூலிக்குப் பசியில்லையாம்! சத்துமாவுக்கு மூன்று தடவை நடந்தாள். மூன்று தடவையும் "சரக்கு வரல". மாவு வந்தபோது பிள்ளை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. எடை 2 கிலோ 100 கிராம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயும் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்த வேகத்தில் மளிகைக் கடனுக்குப் போனது.

கேட்பது இதுதான்: தடைக்காலத்துக்கான சத்துமாவும் இரும்புச்சத்து மாத்திரையும் பங்குனி முடிவதற்குள் கர்ப்பிணிகள் கையில் இருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் தேடிப் படித்தேன். ஆப்பிரிக்காவின் காம்பியாவில், பசி மாதங்களில் பிறந்தவர்கள் இளவயதிலேயே இறப்பது பல மடங்கு அதிகம் என்று 1997இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஆஸ்திரியாவிலும் டென்மார்க்கிலும் வசந்தத்தில் பிறந்தவர்களைவிட இலையுதிர் காலத்தில் பிறந்தவர்களுக்குச் சராசரி ஆயுள் சில மாதம் கூடுதல். ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ், அங்கே ஆயுள் கணக்கும் தலைகீழ். மாதத்தின் பெயரில் என்ன இருக்கிறது? அந்த மாதத்தில் தாய்க்கு என்ன கிடைத்தது, என்ன நோய் வந்தது என்பதில்தான் இருக்கிறது. மனச்சிதைவு நோய்க்கும் பிறந்த பருவத்துக்கும் தொடர்பு சொல்கிறார்கள். அந்த வித்தியாசம் ரொம்பச் சிறிது. அதை வைத்து ஒரு தாயைத் தலைகுனிய வைக்கலாமா?

மீன் முட்டையிடும் காலம் என்று 61 நாள் கடலையே பூட்டுகிறோம். நல்லது, நாங்களும் கட்டுப்படுகிறோம். சினை மீனுக்குக் காட்டும் கரிசனத்தில் கால்வாசி சூலிக்கும் கிடைக்குமா? ஒருவேளை அவர்களும் செவுள் வைத்துக்கொண்டு மனுப் போட வேண்டுமோ என்னவோ.

கோபத்தில் மடல் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பங்குனிக்குள் மாவும் மாத்திரையும். நிவாரணத்தையும் தடை தொடங்கும் வாரத்திலேயே கொடுக்க மீன்வளத் துறையிடம் நீங்களே ஒரு வார்த்தை சொன்னால் உபகாரம். எங்கள் தெருவில் இந்தத் தடவை நான்கு பேர் முழுகாமல் இருக்கிறார்கள். இருவருக்கு ஆடியில் நாள் குறித்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்