முதல் அடி வைப்பதற்கு முன்

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் குதிகாலில் ஆணி ஏறுவதுபோல் வலிக்கிறது, பத்து எட்டு நடந்ததும் குறைகிறது, ஷிப்ட் முடியும்போது மறுபடி வருகிறது என்கிறாய். அந்தப் போக்கே நோயைக் காட்டிவிடுகிறது. கால்விரல்களை மேலே வளைத்துப் பிடித்துக்கொண்டு, குதிகாலின் அடியில் உள்பக்கமாக, பாதக்குழி தொடங்கும் இடத்தை அழுத்திப் பார். அங்கே சுருக்கென்றால் பெரும்பாலும் பிளான்டர் ஃபேசியைட்டிஸ்தான், அதாவது உள்ளங்கால் நார்ப்பட்டையில் வரும் வலி நோய்.

குதி எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடுகிறது அந்தத் தடித்த பட்டை. இரவில் பாதம் சாய்ந்து கிடப்பதால் சுருங்கிப்போகிறது. காலையில் எடை முழுதும் அதன்மேல் விழும்போது, எலும்போடு ஒட்டிய இடத்தில் வெடுக்கென்று இழுபடுகிறது. ஆகவே தரையில் கால் வைக்குமுன்பே அதை நீட்டிவிடு. வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கமாக இழு. உள்ளங்கால் இழுத்துக் கட்டிய கயிறுபோல் விறைக்க வேண்டும். விறைக்காவிட்டால் இழுத்தது போதாது. 10 விநாடி பிடி, 10 தடவை செய். நாளைக்கு மூன்று வேளை. நடந்ததும் வலி போய்விடுகிறதே என்று பலர் இதை ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள், வலி அங்கேயே தங்கிவிடுகிறது.

கெண்டைக்கால் இறுகினாலும் பட்டை இழுபடும். சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தூக்காமல் 30 விநாடி சாய்ந்து நில். மூன்று தடவை.

வீட்டில் வெறுங்காலோடு டைல்ஸில் நடக்காதே. நம் வீடுகளில் செருப்பை வாசலில் விடுவதுதான் வழக்கம். உள்ளே போட மட்டும் தடித்த குதி கொண்ட ஒரு ஜோடி தனியாக வாங்கு. தட்டையான ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு) ஆகவே ஆகாது.

மினரல் வாட்டர் போத்தலில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி உறையவிடு (முழுக்க நிரப்பினால் வெடிக்கும்). வேலை முடிந்து வந்ததும் காலுறையோடு அதன்மேல் பாதத்தை 10 நிமிடம் உருட்டு. கோடாலித் தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தால் பயப்படாதே, வலியே இல்லாதவர்களுக்கும் அது இருக்கும். ஸ்டீராய்டு ஊசி போட அவசரப்படாதே. வலி சில வாரம் தணியும்; ஆனால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியலாம், பட்டையே அறுந்தும் போகலாம். இது மெதுவாக ஆறும் நோய், மாதக்கணக்காகும்.

குதிகாலை இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினால் வலித்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம். மரத்துப்போனாலோ, எரிந்தாலோ நரம்புக் கோளாறாக இருக்கலாம். வீக்கம், காய்ச்சல், படுத்திருக்கும்போதே வலி, இவையும் வேறு நோயின் அடையாளங்கள். உடனே அரசாங்க கிளினிக்கில் காட்டு, ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான்.

அத்தைக்கும் குதிகால் வலி என்றாயே, அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஐஸ் புண்ணாக்கிவிடும். போத்தலை அவரிடம் கொடுக்காதே, முதலில் டாக்டர் பாதத்தைப் பார்க்கட்டும்.

அன்புடன்,
அம்மா