மப்பும் தெளுவும்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த அன்றைக்குத்தான் மழை பிடித்தது. மூன்று நாளாக ஈரோட்டில் வெயில் முகமே காணோம். நேற்றுக் காலையில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்த உன் தங்கச்சி, "இன்னிக்கும் மப்பாத்தான் இருக்குது, துணி காயாது"ன்னா. திண்ணையில் போனோடு உட்கார்ந்திருந்த பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "யாரு பாட்டி மப்பா இருக்குறது?" என்கிறான். அவனுக்கு மப்புன்னா ஒரே அர்த்தம்தான். மப்பும் மந்தாரமும்னு ஒரு பேச்சு இருப்பதையே அவன் கேட்டதில்லை.

நீயும் உன் கடிதத்தில் இதே சமாச்சாரத்தைத்தான் எழுதியிருந்தாய். அங்கே கனடாவில், உன் ஸ்கார்பரோவில் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா, "அவர் நேற்று நல்ல வெறி, பேசிப் பிரயோசனமில்லை"ன்னு சொன்னதும், மனுசனை நாய்தான் கடிச்சிருச்சோன்னு நீ பதறினதைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன். அங்கே வெறி என்றால் நம்ம மப்புதான்டா. குடிகாரனுக்கு வெறிக்குட்டி என்று பெயர். போதை இறங்கினால் வெறி முறிஞ்சிட்டுது என்பார்கள். நாமதான் அந்த வார்த்தையை நாய்க்கும் கட்சிக்காரனுக்கும் ஒதுக்கி வைத்துவிட்டோம்.

நம்ம பக்கத்தில் இதற்கு எத்தனை வார்த்தை என்று கேட்டிருந்தாய். எண்ணிப் பார்த்து முடியவில்லை. ஆனால் இவை எல்லாம் ஒன்றல்ல, அதைச் சொல்ல வேண்டும். இடம் மாறிப் போட்டால் குடிக்காதவன் பேசுகிறான் என்று உடனே தெரிந்துவிடும். முதல் ரவுண்டில் வருவது கிக்கு. பேச்சு கூடி, பழைய பாட்டெல்லாம் வாயில் வந்தால் சுதி ஏறிடுச்சு. கச்சேரிச் சுருதிதான் இங்கே வந்து சுதியாகியிருக்கிறது. கண்ணு சொக்கி, சொன்னதையே திரும்பச் சொன்னால் மப்பு. அதுக்கு மேல ஃபுல்லு, டைட்டு. கடைசியில் மட்டை. மட்டை மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தென்னையில் இருந்து காய்ந்த மட்டை விழுந்தால் விழுந்த இடத்தில் அப்படியே கிடக்குமே, அதைப் பார்த்த எவனோதான் இந்த வார்த்தையைக் கண்டுபிடித்திருப்பான் என்பது என் எண்ணம். ஆள் மட்டை என்றால் அதற்கப்புறம் கேள்வியே கிடையாது, ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான்.

இந்த வார்த்தைகளோடு இருபத்தெட்டு வருசம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. கோர்ட்டில் டைப் அடித்தவனுக்குத்தான் தெரியும். ஒரு நாள் நோம்பித் திருவிழாவில் நடந்த அடிதடிக் கேஸ். சாட்சிக் கூண்டில் ஒரு விவசாயி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறார். "சம்பவத்தப்போ குடிச்சிருந்தீங்களா?"ன்னு வக்கீல் கேட்டார். "லைட்டா மப்புங்க, ஆனா தெளிவாத்தான் இருந்தனுங்க"ன்னார். கோர்ட்டே சிரித்தது. "மப்பா தெளிவா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க"ன்னு ஜட்ஜும் கேட்டுவிட்டார். மனுசன் கொஞ்சம் யோசித்து, "மழ வராத மப்புங்க"ன்னார். நான் அடித்தது என்ன தெரியுமா? 'நான் சிறிதளவு மது அருந்தியிருந்தேன். ஆனால் சுயநினைவுடன் இருந்தேன்.' அவ்வளவுதான். அந்த மழை வராத மப்பை எந்தக் காகிதத்திலும் ஏற்ற முடியவில்லை. இன்றைக்கும் அதில் எனக்கு ஒரு குறைதான்.

அன்றைக்குத்தான் உறைத்தது. மப்பு தெளியும், வானமும் தெளியும். நாம் போதையை வானிலை போலப் பேசுகிறவர்கள். கூடும், மூடும், கலையும். 'கொஞ்ச நேரம் விடு, தெளிஞ்சுரும்' என்று மேகத்துக்கும் சொல்கிறோம், மாமனுக்கும் சொல்கிறோம். அந்தக் காலத்துப் பேச்சு இப்படி இல்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் குடித்தவனைக் களித்தான் என்கிறார். களிப்புக்கும் போதைக்கும் ஒரே வார்த்தை. மகிழ்தலும் அப்படித்தான், சந்தோசம் என்றும் எடுக்கலாம், கள் மயக்கம் என்றும் எடுக்கலாம். இப்போது களி என்றால் ராகிக்களி, இல்லாவிட்டால் ஜெயில். களித்தவன் களி தின்னப் போவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். நம்ம தர்மபுரிக்காரன் அதியமானைப் பற்றி ஔவை பாடினது பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் உண்டு மகிழ்வான் என்று. இன்றைக்குக் கட்டிங் போடுகிறவர்களைப் பார். 180 மில்லி குவார்ட்டரை முன்பின் தெரியாத இரண்டு பேர் காசு போட்டு வாங்கி, டம்ளரைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து ஒரு சொட்டுப் பிசகாமல் பிரிக்கிறார்கள். அதியமான் பார்த்தால் அழுதிருப்பான்.

இன்னொரு கூத்து. 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்குக் கொண்டுவந்தாரே, அந்த 1937 சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது. 2003இல் இருந்து கடை நடத்துவது அரசாங்கம். அதைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பெயர் மதுவிலக்குத் துறை அமைச்சர். இந்த ஊரில் குடிமகனுக்கு இரண்டு அர்த்தம் வந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது!

ஒன்று எழுத மறந்துவிட்டேன். நான் சொன்ன அத்தனை வார்த்தையும் ஆம்பளைகள் வாயில் கேட்டது. கோர்ட்டில் ஜீவனாம்சம், அடி உதை என்று வந்து நின்ற பொம்பளைகள் ஒருத்தி கூட மப்பு, சுதி, கிக்கு என்று சொல்லி நான் அடித்ததில்லை. 'குடிச்சுட்டு வந்தாருங்க.' அவ்வளவுதான். தேதி மாறும், அடித்த சாமான் மாறும், அந்த ஒரு வரி மாறாது. கடைசி வருசங்களில் அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே என் விரல் அதை அடிக்க ஆரம்பித்துவிடும்.

நம்ம ரூமில் மூன்றாவது ஆளாக இருந்தானே, அவனைப் பற்றிக் கேட்டிருந்தாய். தண்ணி வண்டி என்று நீ பெயர் வைத்தது. விட்டுவிட்டான்டா, நாலு வருசம் ஆகிறது. கல்லீரல் டாக்டர் பயமுறுத்தியதால் என்று ஊரில் சொல்கிறார்கள். அவனிடம் கேட்டால், "சும்மா, சலிச்சுப் போச்சு" என்கிறான். பவானி பக்கம் அவன் அப்பன் விட்டுப்போன காட்டில் வரப்போரம் பத்துப் பதினைந்து பனை நிற்கிறது. அதைக் குத்தகைக்கு விட்டுத் தெளுவு இறக்குகிறான். நாம் தெளுவு என்பதை உன் மெட்ராஸ் மருமகன் பதநீர் என்பான். மரத்தில் கட்டுகிற மண்முட்டிக்கு உள்ளே சுண்ணாம்பு தடவினால் தெளுவு, தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். 1987இல் இருந்து கள் இறக்கினால் குற்றம் ஆகையால் அவன் சுண்ணாம்பு விசயத்தில் ரொம்பக் கறார். சாயங்காலம் மரமேறி வருவதற்கு முன்னால் முட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்து, இவனே ஒவ்வொன்றுக்குள்ளும் விரலை விட்டுச் சோதிக்கிறான். விரல் நுனி வெள்ளையாக வரவில்லை என்றால் அந்த முட்டி மரம் ஏறாது. ஒருகாலத்தில் பாட்டில் மூடியை மோந்து பார்த்தே நேற்றுத் திறந்ததா இன்றைக்குத் திறந்ததா என்று சொன்னவன்.

மாசியில் வருகிறாய் என்று எழுதியிருக்கிறாய். அதுதான் தெளுவுக்கு நல்ல நேரம். வந்த மறுநாளே போய்விடலாம், ஆனால் விடிகாலை ஐந்தரைக்கு நீ எழ வேண்டும். வெயில் ஏறிவிட்டால் ருசி போய்விடும். அவன் ஓலைப் பட்டையில்தான் ஊற்றிக் கொடுப்பான், டம்ளர் கேட்டால் திட்டுவான். வரும்போது பேரனுக்கு அந்த மேப்பிள் சிரப் ஒரு பாட்டில் எடுத்து வா. அதுவும் மரத்தில் இருந்து இறக்குவதுதானாமே, நம்ம தெளுவுக்காரனுக்கும் கொஞ்சம் கொடுத்து என்ன சொல்கிறான் என்று பார்ப்போம்.

தங்கச்சி உன்னையும் அம்மணியையும் விசாரித்தாள். மழை மறுபடியும் தூற ஆரம்பித்துவிட்டது, கொடியில் இருக்கும் துணியை எடுக்கச் சொல்லிக் கத்துகிறாள். போகிறேன்.

உன்,
பழைய ரூம்மேட்