வழுக்கையாற்றுக்கு கொங்கிறீற் வேண்டாம்

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத்தில ஆறு எண்டு சொல்லிக்கொள்ள எங்களிட்ட இருக்கிறது இந்த வழுக்கையாறு ஒண்டுதான், அதுவும் மாரிக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில போய் விழுறது, கோடையில பாத்தா சொப்பின் பையும் போத்திலும்தான் கிடக்கும். துப்புரவாக்கிறம் எண்டா உடன பெக்கோவால கிண்டி கரைக்கு கொங்கிறீற் போடுறதைத்தான் கதைக்கினம். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், மழைத்தண்ணி கீழ இறங்கினாத்தான் கிணத்தில நன்னீர் நிக்கும், அதை விறுவிறெண்டு கடலுக்கு அனுப்பிப்போட்டு பிறகு கிணறு உவருது எண்டு அழுது என்ன பிரயோசனம்? கரையில வெட்டிவேரும் தாழையும் வைச்சா மண் அரிப்புக் குறையும், பக்கத்துக் குளங்களைத் தூர்வாரி வாய்க்காலைத் திறந்துவிட்டா வெள்ளமும் தங்கி நிண்டு மெல்ல ஊறும். தோட்டத்து யூரியா கழுவுப்பட்டு வாறதையும் கரைப் புல்லு கொஞ்சம் பிடிக்கும் (எங்கட கிணத்துத் தண்ணியில யூரியா மாதிரிப் பசளையால வாற நைத்திரேற்று கூடிப்போச்சு எண்டது புதுக்கதை இல்லை). ஊர்ச்சனமும் கமக்காரரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலைதான், ஆனா ஒருநாள் சிரமதானம் செய்து போட்டோ எடுத்திட்டுப் போறது கணக்கில்லை, வைச்ச கண்டை ஆடு மாடு தின்னாம ஆர் பாக்கிறது எண்டதை முதல் முடிவெடுக்கவேணும். மாரிக்கு முன்னம் கரையோர ஊருகள் ஒருக்கா கூடிக் கதைச்சா நல்லம்.

வாசகர்,
சண்டிலிப்பாய்