வானொலிப் பேச்சுக்குச் சிறை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு வட்டார மக்களுக்காக லாப நோக்கமின்றி நடக்கும் சிறு நிலையங்களான சமுதாய வானொலிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பணப் பற்றாக்குறையையும் ஆள் பற்றாக்குறையையும் விரிவாக எழுதியவர், அவதூறு வழக்கு பயத்தைத் தொடவே இல்லை. ஆறு ஆண்டுகள் ஒரு கிராமத்துச் சமுதாய வானொலியில் நிகழ்ச்சி தொகுத்தவள் நான். எங்கள் கையை அதிகம் கட்டிப்போட்டது அந்தப் பயம்தான்.

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களிடம் ஒருமுறை பேசிப் பதிவு செய்தோம். "மூணு வாரக் கூலி வரல. கேட்டா அட்டையைப் பிடுங்கிடுவேன்னு மிரட்டுறாரு" என்று ஓர் அக்கா பணித்தளப் பொறுப்பாளரின் பெயரைச் சொல்லியே பேசினார். முதலில் அந்தப் பெயரை வெட்டினோம். பிறகு ஊர்ப் பெயரை வெட்டினோம். அப்படியும் ஆள் யாரென்று தெரிந்துவிடுமே என்று கடைசியில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டோம். ஒலிபரப்பான அன்று அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வைத்துக்கொண்டு அந்த அக்கா ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாராம். அதன்பின் அவரைப் பார்க்க எனக்கு முகமில்லை.

அவர் சொன்னது பொய் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. ஆனால் உண்மை என்பது மட்டும் குற்றவியல் அவதூறு வழக்கில் போதாது. பொதுநன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆவது பிரிவில் இருந்த இந்த நிபந்தனை, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவிலும் அப்படியே இருக்கிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை. சமூக சேவையைத் தண்டனையாகத் தரலாம் என்பது மட்டுமே புதிது. எழுத்துக்கும் பேச்சுக்கும் இதில் வேறுபாடு இல்லை.

வழக்கில் கடைசியில் ஜெயிக்கலாம். அதுவரை வாய்தாவுக்கு வாய்தா அலைவது யார்? பத்திரிகை ஆசிரியர்கள் மீது தமிழக அரசு தொடுத்திருந்த பல அவதூறு வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் ரத்து செய்தது. அதற்குள் ஆண்டுகள் பல ஓடிவிட்டன. பெரிய நாளிதழ்களுக்கு வக்கீல் வைக்க வசதி உண்டு. கரண்ட் பில்லுக்கே தடுமாறும் நிலையத்தில் மைக் முன்னால் உட்காரும் இருபது வயதுப் பெண்ணுக்கு என்ன உண்டு?

பாதிக்கப்பட்டவருக்கு வழியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காற்றில் போன பழி எத்தனை வீட்டுக்குள் நுழைந்தது என்று யாராலும் எண்ண முடியாது. ஆஸ்திரேலியாவில் 2011 ஜனவரி வெள்ளத்தில் கிரந்தம் என்ற சிற்றூரில் 12 பேர் இறந்தார்கள். அதற்கு அங்கிருந்த குவாரியின் உரிமையாளர்களான வாக்னர் சகோதரர்களே காரணம் என்று பிரபல வானொலித் தொகுப்பாளர் ஆலன் ஜோன்ஸ் திரும்பத் திரும்பப் பேசினார். குவாரி காரணமல்ல என்று 2015-இல் விசாரணை ஆணையம் கண்டறிந்தது. 2018-இல் அங்குள்ள குவீன்ஸ்லாந்து மாநில உச்ச நீதிமன்றம், அவரும் வானொலி நிலையங்களும் சுமார் 37 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது சிவில் வழக்கு. யாரையும் சிறைக்கு அனுப்பாமலே அந்தக் குடும்பத்துக்கு நீதி கிடைத்தது.

நம் உச்ச நீதிமன்றம் 2016-இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது உண்மைதான். ஆனால் அதை நீக்க நாடாளுமன்றத்துக்குத் தடை ஏதுமில்லை. பக்கத்து இலங்கை 2002-லேயே நீக்கிவிட்டது.

சமுதாய வானொலிகள் ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. யார் என்ன சொன்னார் என்பதில் சண்டைக்கே இடமில்லை. குறை சொல்லப்பட்டவரின் மறுப்பை அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில், அவர் குரலிலேயே ஒலிபரப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கட்டும். அதற்கு மேலும் நஷ்டம் என்றால் சிவில் நீதிமன்றம் போகட்டும்.

சமுதாய வானொலிகளில் இன்று வேலை செய்பவர்கள் எதையெல்லாம் வெட்டுகிறார்கள் என்று உங்கள் இதழ் கேட்டு வெளியிட வேண்டும். பெயர் போடாமலாவது.

இப்படிக்கு,
முன்னாள் சமுதாய வானொலித் தொகுப்பாளர்,
தருமபுரி மாவட்டம்