நீச்சல் பாடம்: மூன்றாம், நான்காம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்பான பெற்றோரே,

இலையுதிர்கால விடுமுறை முடிந்ததும் நீச்சல் பாடம் தொடங்குகிறது. நாளும் நேரமும் ஜேர்மன் மொழிக் கடிதத்தில் உள்ளன. தமிழ்க் குடும்பங்கள், சைவர்களும் முஸ்லிம்களும், ஒவ்வோர் ஆண்டும் கேட்பவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

மத காரணத்துக்காகப் பிள்ளையை விலக்கலாமா? ஆரம்பப் பள்ளி வயதில் முடியாது. 1993இல் சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு முஸ்லிம் மாணவிக்கு விலக்கு அளித்தது உண்மைதான். ஆனால் 2008இல், ஷாஃப்ஹவுசன் மாநிலத்துச் சிறுவர் இருவரின் வழக்கில், அதே நீதிமன்றம் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. பின்னர் நம் பாசலில் இரண்டு பெண்பிள்ளைகளை அனுப்ப மறுத்த பெற்றோருக்கு 1,400 பிராங் தண்டம் விதிக்கப்பட்டு, வழக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2017 ஜனவரி 10இல் தீர்ப்பு பெற்றோருக்கு எதிராக வந்தது. மதச் சுதந்திரத்தில் தலையிடப்பட்டது என்பதை நீதிபதிகள் மறுக்கவில்லை. புர்கினி (உடலையும் தலையையும் மூடும் நீச்சலுடை) அணியலாம், ஆண்பிள்ளைகள் இல்லாத இடத்தில் உடை மாற்றிக் குளிக்கலாம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்ததையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். ஆகவே இந்த வசதிகளை நாங்கள் தயவுக்காகச் செய்வதில்லை. கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆண்பிள்ளைகளை நீச்சல் காற்சட்டையுடன் பார்க்க நேருமே என்பது அடுத்த கவலை. ஜேர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2013இல் இதே வாதத்தைக் கேட்டது; கோடைகாலத்தில் வெளியிலும் காணும் காட்சிதானே என்று சொல்லி ஏற்க மறுத்தது. என் கருத்தும் அதுவே.

பிள்ளைகள் எட்ட வேண்டியது நீர்ப் பாதுகாப்புச் சோதனை. ஆழமான பக்கத்தின் விளிம்பிலிருந்து உருண்டு நீரில் விழ வேண்டும். ஒரு நிமிடம் அதே இடத்தில் மிதக்க வேண்டும். பிறகு 50 மீட்டர் நீந்த வேண்டும். மூன்றையும் இடையில் நிறுத்தாமல் செய்ய வேண்டும். உருண்டு விழுவது விளையாட்டுக்கல்ல. ரைன் ஆற்றங்கரையில் சறுக்கும் பிள்ளை தலைகீழாகவும் விழலாம். மேல் எது, கீழ் எது என்று தெரியாத அந்த நொடிகளில் பதறாமல் மேலே வரப் பழக்குகிறோம்.

புர்கினி வாங்குவோர் இதைக் கவனியுங்கள். நீச்சலுடைத் துணியாக, அதாவது பொலியெஸ்டரும் இலாஸ்டேனும் கலந்ததாக, இருக்க வேண்டும். பருத்திச் சட்டையும் லெக்கிங்ஸும் நீரைக் குடித்துக் கனத்துவிடும். கால் அடிக்க முடியாது. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள். நனைந்தால் துணி இன்னும் தளரும், உள்ளே காற்றும் நீரும் புகும். பிள்ளை உருண்டு விழும்போது மேற்சட்டை குடைபோல் எழும்பி முகத்தை மூடிவிடும். மேற்சட்டையின் உட்பக்கம் இருக்கும் நாடாவைக் காற்சட்டையோடு கட்டினால் எழும்பாது. இதை வீட்டிலேயே பிள்ளை தானாகக் கட்டிப் பழகட்டும். தலைமூடி உடையோடு சேர்ந்து இறுக்கமாக இருக்கட்டும். ஊசி குத்திய தனித் துணி கூடாது. காது மூடியிருந்தால் விசில் மெதுவாகத்தான் கேட்கும், அதனால் அந்தப் பிள்ளைகளை ஆசிரியர் தன் அருகில் நிறுத்துவார். பாடம் முடிந்ததும் குளிர்நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். ஹீட்டரில் போட்டால் துணியின் இழுவை போய்விடும். ஆண்பிள்ளைகள் முழங்கால் வரை நீளும் ஒட்டிய நீச்சல் காற்சட்டை அணியலாம். பை வைத்த தொளதொள காற்சட்டை வேண்டாம்.

தடாகத்தில் இறங்குமுன் சவர்க்காரம் போட்டுக் குளிப்பது எல்லோருக்கும் கட்டாயம். நீச்சலுடையோடு, திரை உள்ள அறையில் குளித்தால் போதும். வியர்வையும் எண்ணெயும் குளோரினோடு சேர்ந்தால்தான் கண் எரிகிறது, அந்த மணமும் வருகிறது. ஆகவே நீச்சல் நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். திருநீறும் சந்தனமும் மாலையில் பூசலாம். கையில் கட்டிய காப்பு நூலை அவிழ்க்கச் சொல்ல மாட்டோம். சங்கிலி, கொலுசு, தொங்கும் தோடு கழற்ற வேண்டும். சிறிய தோடு இருக்கலாம்.

பிள்ளை நோன்பு பிடித்திருந்தால், கந்தசஷ்டி விரதமானாலும் சரி, அன்று காலை வகுப்பாசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள். பிள்ளை வரவேண்டும், நீண்ட தூரம் நீந்தச் சொல்ல மாட்டோம், மிதத்தல் பயிற்சி தருவோம். தலைசுற்றினால் உடனே கரைக்கு எடுத்துவிடுவோம்.

மகள் பருவமடைந்துவிட்டால் என்னோடு நேரில் பேசுங்கள். அந்த வயதில் மத காரண விலக்கைத் தனியாகப் பரிசீலிப்போம். சாமத்தியச் சடங்குக்காக வீட்டில் வைத்திருக்கும் நாட்களுக்கு லீவு விண்ணப்பம் தாருங்கள். "காய்ச்சல்" என்று எழுத வேண்டாம். வாரத்தில் நீச்சல் நாளில் மட்டும் வரும் வயிற்றுவலியும் எங்களுக்குப் பழக்கம்தான். மூன்றாம் முறை மருத்துவச் சான்று கேட்போம். காதில் குழாய் வைத்த பிள்ளைகளும் கடுமையான தோல் அழற்சி உள்ளவர்களும் முதலிலேயே சான்று தரலாம்.

பெண் ஆசிரியர், தனி உடைமாற்றும் அறை, புர்கினி ஆகியவற்றில் எது தேவையோ இணைத்துள்ள தாளில் குறித்து, விடுமுறைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். முதல் பாடத்தன்று காலையில் சொன்னால் ஆசிரியர்களை மாற்றி ஒழுங்கு செய்ய எங்களால் முடியாது. உடை வாங்கச் சிரமம் என்றால் அதையும் அதே தாளில் எழுதுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்