காரங்காட்டுக்கு எத்தனை பேர்?

உ
சிவமயம்

தேவகோட்டை

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் ஆத்தாவும் சுகம். மழை இந்தத் தடவை பரவாயில்லை. முகப்பில் ஓடு மாற்றியாகிவிட்டது, இரண்டாம் கட்டுக் கூரை மட்டும் இன்னும் ஒரு மூலையில் சொட்டுகிறது.

"மார்கழியில் நாலு நாள் வர்றேன், தொண்டிப் பக்கம் கூட்டமில்லாத இடமாச் சொல்லுங்க அப்பச்சி" என்று நீ அனுப்பியதை உன் ஆத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தாள். இவ்வளவையும் கட்டைவிரலால் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது, அதனால்தான் கூரியர். நாலு மாதமாக நீ அனுப்பியதில் இதுதான் நீளமான செய்தி. குறையாகச் சொல்லவில்லை. வேலை இருக்கும்.

முதலில் காரங்காடு. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் போகிற கடற்கரைச் சாலையில் இடது கைப் பக்கம் பிரிய வேண்டும். கோட்டக்கரையாறு கடலில் சேருகிற இடம். வனத்துறை படகு விடுகிறது, லைஃப் ஜாக்கெட் மாட்டித்தான் ஏற்றுவார்கள். சூடாக இருக்கிறது என்று நடுவில் கழற்றிவிடாதே. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. சகதியிலிருந்து வேர்கள் பென்சிலைக் குத்திவைத்தாற்போல ஆயிரக்கணக்கில் மேலே நிற்கும். சகதிக்குள் காற்று இல்லை, அதனால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. இலையை நாக்கில் வைத்துப் பார், உப்புக் கரிக்கும். வேண்டாத உப்பை மரம் இலை வழியாகத் தள்ளிவிடும். மார்கழியில் பூநாரை வந்திருந்தாலும் இருக்கும். படகுக்காரர் மோட்டாரை நிறுத்தும்போது பேசாமல் இரு, நண்டு சகதியைக் கிளறுகிற சத்தம் கூடக் கேட்கும்.

ஊர்ப் பெண்களே மதியச் சாப்பாடு சமைத்துத் தருகிறார்கள், நண்டும் கணவாயும். முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். எத்தனை பேர் என்று கேட்பார்கள். அதனால்தான் கேட்கிறேன், எத்தனை பேருக்குச் சொல்வது? மாப்பிள்ளைக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது என்பது ஞாபகம் இருக்கிறது. அவருக்கு வேறு ஏதாவது சொல்லலாம்.

தொண்டியில் கடல் குளம் மாதிரிதான் கிடக்கும். இந்தப் பக்கத்து மீனவர்கள் பாக் கடலைப் பெண் கடல் என்பார்கள், மன்னார் பக்கம் ஆண் கடல். அதை நம்பி இறங்கிவிடாதே. மார்கழியில் வாடை அடிக்கும், அப்போது பெண் கடலும் கோபப்படும். முழங்கால் தண்ணீர்தானே என்று தனியாக இறங்காதே. கரையில் நின்று பார்.

தொண்டிக்கு வடக்கே ஓரியூர். 1693இல் பாதிரியார் அருளானந்தர் தலையை வெட்டிய இடம், பாம்பாற்றங்கரை. மண் சிவப்பாக இருக்கும், அவர் ரத்தம்தான் என்று நம்பி எடுத்துப்போவார்கள். திருவிழா இல்லாத நாளில் மரத்தடியில் ஆள் இருக்காது. அங்கிருந்து திருப்புனவாசல் போகலாம். லிங்கத்துக்கு மூன்று முழ வேட்டி, ஆவுடையாருக்கு முப்பது முழம். மூன்று முழமும் ஒரு சுற்று, முப்பது முழமும் ஒரு சுற்று என்பது இந்தச் சாமியை வைத்துச் சொன்னதுதான். உன் ஆத்தா மாதிரி நான் கோயில் கோயிலாக எழுதப்போவதில்லை, இது ஒன்று போதும்.

ஆவுளியா பார்க்க ஆசைப்படாதே, கிடைக்காது. உங்கள் புத்தகத்தில் கடற்பசு என்று இருக்கும். கடலடியில் புல் மேய்ந்துவிட்டு மூச்சு விட மட்டும் மேலே வரும். அந்தக் காலத்தில் கறிக்கு அடித்தார்கள். இப்போது தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள், 2022இல். நாட்டிலேயே முதன்முதலாம். பேப்பரில் படித்தபோது உன்னைத்தான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஆவுளியா படம் வரைந்து பரிசு வாங்கினாயே, பட்டாலைச் சுவரில் இன்னும் மாட்டித்தான் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். பன்றியா என்று கேட்கிறார்கள்.

நேரம் இருந்தால் வேட்டங்குடியும் பார். கடல் இல்லை, திருப்பத்தூர்ப் பக்கத்துக் கண்மாய். பறவை பயந்துவிடும் என்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. நானும் அப்படித்தான் இந்த நாலு மாதமாக வாயைத் திறக்காமல் இருக்கிறேன். சரி, அதை விடு.

பிள்ளையார் நோன்புக்கு இருப்பாயா? நோன்புத் திரிக்கு இழை எத்தனை பேருக்குத் திரிப்பது என்று உன் ஆத்தா கேட்கிறாள். இருபத்தோரு நூல் சேர்த்துத் திரிக்க அவள் விரல் முன்னைப்போல் வருவதில்லை, அதனால் முன்னாலேயே தெரிந்தால் நல்லது. போன வருஷம் இரண்டு பேருக்கும் சேர்த்து எடுத்து வைத்தோம், நீங்கள் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. தனியாகத் தண்ணீரில் இறங்காதே என்று எழுதினேனா? எழுதிவிட்டேன்.

இந்த இடமெல்லாம் அப்பச்சிக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கவில்லை. வசூலுக்குப் போனவர்தானே என்று நினைத்திருப்பாய். ஆணி, கயிறு, பெயிண்ட் எல்லாம் நம் கடையிலிருந்துதான் தொண்டிப் படகுகளுக்குப் போயிற்று, உண்மைதான். ஆனால் வசூல் பதினோரு மணிக்கே முடிந்துவிடும். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு டி.வி.எஸ். 50ஐக் காரங்காட்டுக்குத் திருப்புவேன். அப்போது வனத்துறைப் படகும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பாக்கிக்காரர் ஒருவருடைய வள்ளம் கரையில் கவிழ்த்துக் கிடக்கும், அதன் நிழலில் உட்கார்ந்திருப்பேன். பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வருவேன். சில நாள் வரவே மாட்டேன், தொண்டியிலேயே தங்கிவிடுவேன். கேட்டால், பாக்கி வரவில்லை என்பேன்.

சூரக்குடி நிலத்தை விற்ற வருஷம் அது. விற்றது உனக்குத் தெரியும். உன் ஆத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றேன் என்பதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் ஐயா அவளுக்கென்று கொடுத்த நிலம். கையெழுத்து வேண்டும் என்றபோது என்ன காகிதம் என்று சொல்லாமலே வாங்கினேன். பதினோரு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. தப்பு என்மேல் என்று தெரிந்துதான் பேசவில்லை.

நீ நாலாம் வகுப்பு. நான் முகப்பில், அவள் அடுப்படியில், நடுவில் நீ. "அப்பச்சியைச் சாப்பிட வரச்சொல்லு." "பசியில்லைன்னு சொல்லு." ஒரு நாள் அவள் அங்கிருந்து சொன்னது என் காதில் விழுந்தது. "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும், எனக்கென்ன." நீ பாவாடையைப் பிடித்துக்கொண்டு வளவைத் தாண்டி வந்தாய். தூணுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றாய். அப்புறம் என்னிடம், "ஆத்தா கூப்பிடுறாங்க, உங்களுக்குப் பிடிச்ச மண்டியாம்" என்றாய். போய்ப் பார்த்தால் மண்டிக் குழம்பு இல்லை, வெறும் ரசம். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தேன். நீ எத்தனை நாளாக அப்படி மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாயோ தெரியாது. உன்னைக் கூப்பிட்டு, போதும் ஆத்தா, இனி நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் தொண்டிக்குப் போய்விட்டேன்.

இப்போது நீ அனுப்புகிற "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்பதை வாசிக்கும்போது அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளைதான் ஞாபகத்துக்கு வருகிறது. இந்தத் தடவை "வர்றேன்" என்று எழுதியிருக்கிறாய், "வர்றோம்" என்று இல்லை. அதை உன் ஆத்தாதான் முதலில் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வடகம் எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல வேண்டாம். ஆள் இல்லாத இடமாகக் கேட்டாய், ஆள் இல்லாத இடமாகத்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் நான் அங்கே பதினோரு மாதம் உட்கார்ந்து பார்த்தவன். அந்த நிழலில் எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை, சட்டையில் மீன் நாற்றம்தான் ஏறியது.

பல்லவன் ரயிலில் வந்தால் காரைக்குடிக்கு ராத்திரி ஆகிவிடும், நான் ஸ்டேஷனில் இருப்பேன். ஆட்டோ பிடிக்காதே. மறுநாள் முழுக்கத் தூங்கு. அதற்கு அடுத்த நாள் காரங்காடு போகலாம். பழைய செருப்பாக எடுத்துவா, சகதி.

உன் ஆத்தா அந்தக் காட்டை இதுவரை பார்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் நான் அவளைக் கூட்டிப்போனதில்லை. நேற்று ராத்திரி நானே அடுப்படி வரைக்கும் போய், காரங்காட்டுக்கு நீயும் வருகிறாயா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள். ஆக, இப்போதைக்கு மூன்று பேர் என்று சொல்லி வைக்கிறேன். கூடக் குறைய இருந்தால் முதல் நாள் சொன்னாலும் போதும்.

அன்புடன்
அப்பச்சி