அட்மாஸ் கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடி ஒரு மைக்கை கையில எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அட்மிஷன் சீசன் வந்தாலே எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். பையன் சவுண்ட் இன்ஜினியரிங்தான் படிப்பேன்னு நிக்கிறான், சென்னையில அட்மாஸ் மிக்ஸிங் கோர்ஸ் இருக்காம் (சுத்தியும் தலைக்கு மேலயும் இருந்து சத்தம் வர்ற மாதிரி பண்ற டால்பி முறைதான் அட்மாஸ்), பீஸ் லட்சத்துல சொல்றாங்க, சேக்கலாமானு கேப்பாங்க. கும்பகோணம் பக்கம் கச்சேரி, கோயில் விசேஷம்னு ரெக்கார்டிங் பண்றவன் நான், அதனால கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத உங்க பேப்பர் வழியா எல்லாருக்கும் சேத்து சொல்லிடலாம்னுதான் இந்த லெட்டர்.

என் அக்கா பையன் அப்படி ஒரு கோர்ஸ் முடிச்சிட்டு வந்தான், எந்த இன்ஸ்டிட்யூட்னு பேர் வேண்டாம். ரூம் நல்லாவே இருந்திருக்கு, 7.1.4 செட்டப், அதாவது காது மட்டத்துல சுத்தி 7 ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், மேல சீலிங்ல 4. ஆனா கோர்ஸ் முடியற வரைக்கும் அவன் கையில யாரும் ஒரு மைக்கை குடுக்கல. யாரோ எங்கயோ ரெக்கார்ட் பண்ணின டிராக்கை போட்டு, இதை மேல ஏத்து, அதை பின்னாடி தள்ளுன்னு மவுஸ்ல நகத்த சொல்லிக் குடுத்திருக்காங்க. நாதஸ்வரம் 10 அடியில இருந்தா எப்படி கேக்கும், அதே ஆள் 100 அடி தள்ளிப் போனா என்ன மாறும்னு கேட்டேன். சவுண்ட் குறையும் மாமான்னான். அது பாதி பதில்கூட இல்ல, ஆனா அவன் மேல தப்பு சொல்ல மாட்டேன், அதைக் கேக்கற மாதிரி அவனை எங்கயும் கூட்டிட்டுப் போய் யாரும் நிறுத்தல.

சுவாமி புறப்பாடு வர்ற வீதியில ஒரு ஓரமா கண்ண மூடிட்டு நின்னு பாருங்க. மேளம் அடுத்த வீதியில இருக்கும்போதே, புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்துல வாசிக்கற மல்லாரி கேக்கும், ஆனா அப்ப நம்ம காதுக்கு வர்றதுல பெரும்பங்கு சுவர்ல, வீட்டு முகப்புல பட்டுத் திரும்பி வர்ற சத்தம், எந்தப் பக்கம்னு சரியா கை காட்ட முடியாது, நாயனத்தோட அந்தக் கூர்மையும் இருக்காது. மூலை திரும்பினதும் ஒரே நொடியில திசை பிடிபட்டுடும், ஏன்னா நேரடி சத்தம் இப்பதான் வருது. கிட்ட வர வர தவில்ல வலது முகமான வலந்தலைல விரல்ல மாட்டற கூடு படற அந்த டக் டக் தனியா தெரியும், இன்னொரு முகமான தொப்பி பக்கம் குச்சி விழற கனம் தனியா தெரியும், நம்மளத் தாண்டிப் போகும்போது நாயனத்தோட அணசு, அதாவது விரிஞ்ச அடிவாய், அந்தப் பக்கம் திரும்பிடறதால சத்தம் சட்டுனு மங்கும், ஆனா தூரம் என்னவோ அதேதான். வெறும் வால்யூம் பட்டனும், இடம் வலம் நகத்தற பேன் பட்டனும் வெச்சு இதை செய்யவே முடியாது. தூரம்ங்கறது நேரடி சத்தத்துக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம், முதல் எதிரொலி எத்தனை மில்லிசெகண்ட் கழிச்சு எந்தப் பக்கத்துலேந்து வருது, மேல் ஃப்ரீக்வென்சி எவ்வளவு கரைஞ்சிருக்கு, இது எல்லாம் சேந்தது. வீதியில இதைக் கேட்டுப் பழகினவன் ஸ்டுடியோல உக்காந்தா அவன் கை தானா சரியா போகும்.

காது திசையை கண்டுபிடிக்கற விதமும் இப்படித்தான். இடப்பக்கம் வர்ற சத்தம் வலது காதுக்குப் போய்ச் சேர அதிகபட்சம் 0.7 மில்லிசெகண்ட் கிட்ட லேட் ஆகும், தலை நடுவுல மறைக்கறதால கொஞ்சம் மங்கியும் போகும், மேலயா கீழயா முன்னாடியா பின்னாடியாங்கறத காது மடலோட மடிப்புகள் சொல்லிக் குடுக்குது. மடல் ஆளுக்கு ஆள் வேற, அதனாலதான் ஒருத்தருக்கு ஹெட்போன்ல முன்னாடி கேக்கற சத்தம் இன்னொருத்தருக்கு பின்னாடி கேக்குது. இதை தெரிஞ்சுக்கறதுக்கு பெரிய செலவு கிடையாது, காதுல மாட்டிக்கற சின்ன பைனாரல் மைக் ஒரு ஜோடி போதும், நம்ம தலையே மைக் ஸ்டாண்ட். நியூமன் கம்பெனி இதுக்குன்னே ஒரு பொம்மைத் தலையை 1973லயே கொண்டு வந்துடுச்சு, அது விலை அதிகம், ஆரம்பத்துல அதெல்லாம் வேண்டாம்.

அடுத்து ரெண்டே ரெண்டு மைக். ஆலன் புளூம்லைன்னு இங்கிலாந்துல ஒரு இன்ஜினியர் 1931ல ஸ்டீரியோவுக்கு பேட்டன்ட் போட்டார், ரெண்டு மைக்கை 90 டிகிரி குறுக்கா வைக்கற அவர் முறை இன்னிக்கும் ஓடுது. பிரெஞ்சு ரேடியோக்காரங்களோட ஓஆர்டிஎஃப் முறையில ரெண்டு மைக்குக்கு நடுவுல 17 சென்டிமீட்டர், 110 டிகிரி விரிச்சு வைக்கணும். இதை ஒரு கச்சேரில வெச்சுட்டு, ஒரு பாட்டு முடிஞ்சதும் ஸ்டாண்டை ரெண்டடி பின்னாடி நகத்துங்க, அடுத்த பாட்டுக்கு ஒரு அடி உயரத்துங்க, வீட்டுக்கு வந்து மூணையும் மாத்தி மாத்திக் கேளுங்க. எந்த கிளாஸ்லயும் இவ்வளவு வேகமா காது தேறாது.

நாலு கேப்ஸ்யூல், அதாவது சத்தம் புடிக்கற நாலு தலை, இருக்கற ஆம்பிசானிக் மைக் அதுக்கப்புறம். 1970கள்ல மைக்கேல் கெர்சன், பீட்டர் கிரேவன் ரெண்டு பேரும் யோசிச்ச விஷயம், ஒரே புள்ளியில நின்னு சுத்தி வர்ற மொத்த சத்தத்தையும் புடிச்சுக்கும், முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ்னு சாஃப்ட்வேர் அதைப் பிரிச்சு வெச்சுக்கும், பிறகு வீட்ல உக்காந்து எந்தப் பக்கம் வேணாலும் திருப்பிக்கலாம். வாடகைக்கே எடுத்துக்கலாம், வாங்கணும்னு இல்ல. ரெக்கார்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மைக்கை சுத்தி ஒரு ரவுண்டு நடந்து, நிக்கற இடத்தை வாயால சொல்லிடுங்க, முன்னாடி, இடது, பின்னாடி, வலதுன்னு. நாலு கேப்ஸ்யூலுக்கும் கெயின், அதாவது சத்தத்தை ஏத்தற அளவு, ஒண்ணா லிங்க் ஆகியிருக்கணும், ஒண்ணு மட்டும் கூடக் குறைய இருந்தா திசை மொத்தமும் கோணிடும். தவில் பக்கத்துல இருந்தா லெவல் பார்த்து வையுங்க, அந்த முதல் அடி எந்த மீட்டரையும் நம்ப விடாது. நாலு சேனல் மட்டும் இருக்கற இந்த மைக்ல இடம் ஊசி முனை மாதிரி துல்லியமா தெரியாது, கொஞ்சம் பரவித்தான் கேக்கும், அதனால நாயனத்துக்கு தனியா ஒரு ஸ்பாட் மைக் வைக்கறது நல்லது. அதையும் அணசு வாய்க்கு நேரா கிட்டக்க வைக்காதீங்க, சத்தம் விரல் துளைகள் வழியாவும் வருது, ஆறேழு அடி தள்ளி கொஞ்சம் மேல வெச்சாதான் முழு வாத்தியம் கிடைக்கும்.

மிக்ஸிங்ல உக்காரும்போது மொத வேலை நேரக்கணக்கு. சத்தம் 10 அடி கடக்க ஏறக்குறைய 9 மில்லிசெகண்ட் ஆகும், ஸ்பாட் மைக்கை, ரெண்டு மைக்குக்கும் நடுவுல உள்ள தூரத்துக்கு ஏத்த மாதிரி லேட் பண்ணாம, மெயினா வெச்ச ஆம்பிசானிக் மைக்கோட கலந்தா நாயனம் தகரம் மாதிரி ஆயிடும், இடமும் குழம்பிடும். ஆஸ்திரியாவுல கிராட்ஸ் மியூசிக் யூனிவர்சிட்டி ஆளுங்க பண்ணின ஐஇஎம் பிளகின், அதாவது மிக்ஸிங் சாஃப்ட்வேரோட சேத்துக்கற சின்ன டூல்கள், எல்லாம் இலவசம், ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் விலை கம்மி, ஒரு ஹெட்போன் இருந்தா ஆம்பிசானிக் மிக்ஸிங் பூராவும் வீட்லயே பழகலாம். காலி கல்யாண மண்டபத்துல ஒரு பலூனை உடைச்சு அந்த எதிரொலியை ரெக்கார்ட் பண்ணி, அதையே ரிவெர்பா, அதாவது எதிரொலி எஃபெக்ட்டா, போட்டுப் பாருங்க, பிரீசெட் ரிவெர்புக்கும் அதுக்கும் வித்தியாசம் உடனே புரியும். அட்மாஸ் தியேட்டருக்கு வந்தது 2012ல, அதுல 128 டிராக் வரைக்கும் போடலாம், 64 ஸ்பீக்கர் வரைக்கும் பிரிச்சு அனுப்பும். ஆனா 2021ல ஆப்பிள் மியூசிக் ஸ்பேஷியல் ஆடியோன்னு அட்மாஸ் பாட்டுகளை கொண்டு வந்த பிறகு, பாட்டா கேக்கறவங்க நிறைய பேர் ஹெட்போன்லதான் கேக்கறாங்க, அதனால ஹெட்போன்ல சரியா இருக்கான்னு பாக்கத் தெரியாதவனுக்கு 12 ஸ்பீக்கர் ரூம் இருந்தும் பிரயோஜனம் இல்ல. அட்மாஸ் பாட்டோட சராசரி சத்தம் மைனஸ் 18 எல்யுஎஃப்எஸ்க்கு (சத்தத்தோட அளவை சொல்ற கணக்கு) மேல போகக்கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடும் இருக்கு, இது நம்ம மியூசிக்குக்கு நல்லது, எல்லாத்தையும் அமுக்கி சத்தமாக்க வேண்டாம், தவிலோட ஏற்ற இறக்கம் அப்படியே நிக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும். யூடியூப்ல 8டி ஆடியோன்னு வர்றது ஸ்பேஷியல் ஆடியோ இல்ல. ரெடியான ஸ்டீரியோ பாட்டை மொத்தமா ஒரு உருண்டையாக்கி தலையைச் சுத்தி சுத்த விடறாங்க, பாடறவரும் மிருதங்கமும் வயலினும் சேந்து சுத்துது. பிள்ளைங்க அதைக் கேட்டுட்டு இதுதான் அந்தக் கலைன்னு நினைச்சு வர்றாங்க. பாடறவர் நடுவுல, ஒரு பக்கம் வயலின், இன்னொரு பக்கம் மிருதங்கம், பின்னாடி தம்பூரான்னு மேடையில இருக்கற அமைப்பை இருக்கற இடத்துலயே நிறுத்தி, அந்த ஹாலோட காத்தையும் சேத்துக் கேக்க வைக்கறதுதான் கஷ்டமான வேலை.

இதுக்கு வழி நம்ம அரசாங்கத்துக்கிட்டயே இருக்கு. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில ஒலிப்பதிவு படிக்கற பசங்க இருக்காங்க, திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலயும் மாவட்ட இசைப் பள்ளிகள்லயும் நாதஸ்வரம், தவில் கத்துக்கற பசங்க இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது இவங்களை ஒண்ணா சேத்து, அறநிலையத்துறை அனுமதியோட ஒரு கோயில் பிரகாரத்துல, பூஜைக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்துல ரெண்டு மூணு நாள் ரெக்கார்ட் பண்ண விடலாம். ஒலிப்பதிவு பசங்களுக்கு ஸ்டுடியோல கிடைக்காத பாடம், வாசிக்கற பசங்களுக்கு அவங்க வாசிப்பு அந்த இடத்துல எப்படி ஒலிக்குதுன்னு கேக்கற வாய்ப்பு. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல புவிசார் குறியீடு கிடைச்சுது, எல்லாருக்கும் சந்தோஷம்தான், ஆனா அந்த வாத்தியம் எந்த இடத்துல ஒலிக்கறதுக்காக செஞ்சதோ அந்த இடத்தோட சேத்து அதைப் பதிவு பண்ணி வெக்கறதும் அவ்வளவு முக்கியம். இன்னிக்கு கிடைக்கற ரெக்கார்டிங்ல பெரும்பாலும் மைக்கை வாயில சொருகி, எக்கோ தனியா போட்டதுதான்.

கல்லூரி முதல்வர்களும் அறநிலையத்துறை அதிகாரிகளும் உங்க பேப்பரைப் படிக்கறாங்க, அவங்க கண்ணுல இது படணும்னு கேட்டுக்கறேன். பீஸ் கட்டப் போற பெத்தவங்க, சேக்கறதுக்கு முன்னாடி அந்த இன்ஸ்டிட்யூட்ல ஒரு கேள்வி கேளுங்க: என் பிள்ளையை மைக்கோட எத்தனை தடவை வெளியில கூட்டிட்டுப் போவீங்க?

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர் ஒருவர்,
கும்பகோணம்